அறிவிப்பில் வந்த பெயர்

பரிமளாவுக்குக் கழுத்து திரும்பவில்லை. சனிக்கிழமை முழுக்கக் கொசப்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் குனிந்தபடி உட்கார்ந்து, நெய்து தீர்ந்த பாவின் முனைகளோடு புதுப் பாவின் பட்டு இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கியிருந்தாள். ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று விட்டுப்போனாலும் புடவையில் கோடு விழும். இழை வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் உரிந்து, பாட்டுப் புத்தகத்தின் தாளைத் திருப்பக்கூட எரிந்தது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். அதனால் ஆராதனை நேரம் பூராவும் நேராகவே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காணிக்கைப் பை சுற்றி முடிந்து, பாஸ்டர் அறிவிப்புகளை வாசிக்க எழுந்தார். தெற்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் வந்த பிறகுதான் சபைக்கு யூடியூப் வந்தது. பீடத்துக்கு எதிரே மூன்று கால் கம்பியில் ஒரு போன் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

புதன்கிழமை படவேடு ரோட்டு வீடுகளில் வீட்டு ஜெபம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சனிக்கிழமை ஆலயத்தைக் கழுவி விடும் வேலை, பெண்கள் ஐக்கிய சங்கத்தார் துடைப்பத்தோடு வரவும். அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவர வேண்டும், ஆராதனை முடிந்ததும் ஏலம், அதற்குப் பின் சாப்பாடு.

"பண்டிகை அன்னைக்கு ஒரு விசேஷ சாட்சியும் இருக்கு" என்றார் பாஸ்டர். முகம் முழுக்கச் சிரிப்பு. "நம்ம சகோதரி ரூத் பரிமளா. அவங்க மகள் எப்சிபா நிலா அரசாங்கப் பரீட்சையில தேறியிருக்காங்க. கர்த்தர் செஞ்ச நன்மையைச் சகோதரி நம்ம முன்னாடி சாட்சியா சொல்லுவாங்க. எல்லாரும் ஒருதடவை கைதட்டி ஆண்டவருக்கு மகிமை செலுத்துவோம்."

கை தட்டினார்கள். ஆனால் சத்தம் அங்கங்கே விட்டு விட்டு வந்தது. பாதிப் பேர் தட்டவில்லை. பரிமளாவின் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பாமலே தெரிந்தது, மகளின் கை.

"இன்னாம்மா பண்ணி வச்சிகிறே?" என்றாள் நிலா, உதடு அசையாமல்.

*

வீட்டு முன்னறையை முக்கால்வாசி தறி அடைத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் ஈரம் ஊறி, பழைய சாக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். இந்த ஈரத்தில் பட்டு தொய்ந்துவிடும், நெய்தால் அடி சரியாக விழாது. நாலு நாளாகத் தறி ஓடவில்லை. புடவை நெய்யப் பாவு கொடுத்த கந்தசாமி முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அவள் புருஷன் குமரேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கோயிலுக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு, அப்புறம் ஏலத்துக்கு.

"கை தட்டினாங்களாமே" என்றான். "எதிர்வூட்டுக்காரன் போன்ல பாத்துட்டு வந்து சொல்றான்."

"போன்லயும் வந்துட்ச்சா?" என்று பரிமளா நிலைப்படியிலேயே நின்றாள்.

நிலா தன் போனை நீட்டினாள். சபை வாட்ஸப்பில் யாரோ ஒரு படம் செய்து போட்டிருந்தார்கள். சுற்றிலும் நெற்கதிர், பூசணிக்காய், நடுவில் நிலாவின் முகம். போன கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் எடுத்தது. அரசுப் பணிக்குத் தேர்வாகியிருக்கும் நமது சபை மகள் எப்சிபா நிலாவுக்கு வாழ்த்துகள் என்று கீழே.

"சபை மகளாம்" என்றாள் நிலா. "இன்னும் பத்து நாள்ல மெட்ராஸ்ல சர்ட்டிபிகேட் பாக்குறாங்க. நான் குடுத்துகிற பேப்பர்ல இன்னா கீது? இந்துன்னு கீது. எஸ்.சி.ன்னு கீது. இத எவனாச்சும் ஒருத்தன் எடுத்து ஒரு மனுவோட அனுப்பிட்டான்னு வையி, பேப்பரும் போச்சி, வேலயும் போச்சி. மூணு வருசம் படிச்சதும் போச்சி."

"நான் பாஸ்டர் கிட்ட சொல்லலடி. பாஸ்டரம்மா கிட்டதான் சொன்னேன். சமையக்கட்டுல வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தப்ப."

"இன்னான்னு சொன்னே?"

"பொருத்தனை பண்ணிகிறேன்னு."

குமரேசன் பீடியை அணைத்தான். "இன்னா பொருத்தனைமே? எங்கிட்ட சொல்லவேல்ல?"

பரிமளா தரையில் உட்கார்ந்தாள். நிலா இரண்டாவது தடவையும் தேறாமல், பேசாமல் செய்யாறு கம்பெனிக்குச் செருப்பு தைக்கப் போகிறேன் என்று சொன்ன வாரம் அது. யாரோ ஒருத்தர் வீட்டுத் தறியில் இழை சேர்த்துக்கொண்டிருந்தபோது வேண்டிக்கொண்டாள். என் பொண்ணுக்கு இந்த வேலையைக் கொடு, நான் உன் சபை முன்னால மைக்ல நின்னு, இன்ன வேலை, நீதான் கொடுத்தேன்னு சொல்லுவேன் என்று. காசு பணம் நேர்ந்துகொள்ள அவளிடம் இல்லை. வாய் இருந்தது.

"உங்க சாமிக்குக் காது கேக்காதா?" என்றான் குமரேசன். "மைக்கு எதுக்கு? இங்கயே குந்திகினு சொல்லு."

"நாலு பேரு முன்னாடி சொல்றேன்னு சொன்னா நாலு பேரு முன்னாடிதான் சொல்லணும். உன்கிட்ட ஒருத்தன் பாவு குடுத்தா பொடவையாத்தான கேப்பான்? வூட்ல மடிச்சி வச்சிகிறேன்னா ஒத்துக்குவானா?"

"நாங்கூடதாம்மா ஜெபம் பண்ணேன்" என்றாள் நிலா. "நான் எவன்கிட்டயும் சொல்றேன்னு வேண்டிக்கல. பேர வெளிய எடுக்காதன்னு வேண்டிகினேன். அவரு யாருத கேப்பாரு?"

பரிமளா எழுந்து உள்ளே போனாள். அன்று கறி எடுத்திருந்தார்கள். குழம்பு கொதித்தது, களி கிண்டினாள், மூன்று பேருமே பாதித் தட்டில் எழுந்துவிட்டார்கள்.

*

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். புடவையில் சாம்பல் உதிர்ந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஸ்தோத்திரம் அய்யா. எம் பேரை எடுத்துடுங்க. அந்தப் படத்தையும் எடுக்கச் சொல்லுங்க."

"ஏன் சிஸ்டர்? நல்ல காரியம்தானே?"

அவள் சொன்னாள். அவர் முதலில் புரியாமல் கேட்டார், பிறகு புரிந்து, நெற்றியைத் தேய்த்தார்.

"எங்க ஊர்ல நாங்க கிறிஸ்டியன்னே போட்டுருவோம். அதுக்கு ஒரு கோட்டா உண்டு. இங்கயும் அப்பிடித்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன். அப்போ… உங்க வீட்டுப் பேப்பர்ல இருக்கது நிஜம் இல்லல்லா?"

"எது அய்யா நெசம்?" என்றாள் பரிமளா. சத்தம் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. "எங்க மாமனாரு ஞானஸ்நானம் எடுத்தாரு. எடுத்ததும் அந்தச் சாதி போயிட்ச்சின்னு கவர்மெண்டு சொல்லுது. தெருவுல போவலையே. நான் எந்த வூட்டுக்கு இழை சேக்கப் போனாலும் எனக்கு டீ பின்வாசல்ல வருது. ரூத்துன்னு பேரு வச்சிகிறாங்களே, உள்ள வான்னு எவன் கூப்ட்டான்? நெசத்த நாங்க தினம் பாத்துகினுதான் கீறோம்."

பாஸ்டரம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். "நான்தான் ஆசையில சொல்லிட்டேன் அக்கா."

"நீ அழுவாதம்மா. நீ இன்னா பண்ணுவே."

பாஸ்டர் மேசையிலிருந்த அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்தார். "பேரை எடுத்துடுறேன். படத்தையும் எடுக்கச் சொல்றேன். ஆனா பொருத்தனை நீங்க பண்ணது. அதை என்னால எடுக்க முடியாது சிஸ்டர்" என்றார்.

"அது எனக்கும் ஆண்டவருக்கும் கீற பேச்சி அய்யா. நீங்க நடுவுல வராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் வழி நெடுக அந்தப் பேச்சுதான் ஓடியது. இந்தப் பக்கம் ஒரு வாக்கு, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. கோட்டை மைதானத்தின் ஓரம் நடந்து வரும்போது அவள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்ததை இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

*

சபைக் குழுவிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் வியாழக்கிழமை நிலா வேலையிலிருந்து வந்த அம்மாவிடம் போனைக் காட்டினாள். ராஜ்குமார் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். தினமும் புதிதாகப் போடுகிறான். வாழ்த்துகள் தங்கச்சி என்று எழுதி, கூடவே இரண்டு கை கும்பிடு.

ராஜ்குமாரும் அதே பரீட்சை எழுதியவன். தேறவில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்துச் செய்யாறு போகிறான். அவன் அப்பா மணவாளன் ரைஸ் மில்லில் மேஸ்திரி, சபைக் கமிட்டியில் மெம்பர், ஏலம் போடுவது அவர்தான். போன வருடம் அவர் தனக்காகக் கேட்ட ஒரு பூசணிக்காய்க்குக் குமரேசன் விடாமல் எதிர் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிட்டதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"வாழ்த்துக்கு வச்சிகிறானா, வேற எதுக்காச்சும் வச்சிகிறானா?" என்று நிலா கேட்டாள். "கேக்கவும் முடியல. கேட்டா அப்படித் தோணாதவனுக்கும் தோணும்."

பரிமளா முகம் கழுவாமல் கிளம்பினாள்.

மணவாளன் வீட்டு வாசலில் தூறலில் நனைந்தபடி சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். மில் தவிடு புருவத்தில் ஒட்டியிருந்தது.

"வாம்மா பூசணிக்கா" என்றார்.

"அண்ணா, நான் சண்டைக்கி வரல."

"சண்டைக்கி வந்தாலும் எனக்குத் தெம்பு இல்ல. அரிசி மூட்ட நனஞ்சி போயி காலையிலருந்து மாத்தி மாத்தி அடுக்கிகினு கீறேன். சொல்லு."

"தம்பிய அந்தப் படத்த எடுக்கச் சொல்லுங்க. கால்ல வேணாலும் வுழறேன்."

அவர் துணியைப் பிழிந்தார்.

"எம் பையன் காட்டிக் குடுப்பான்னு நெனச்சிட்டே."

"அப்படிச் சொல்லலண்ணா."

"சொல்லாட்டி இன்னா, அதுக்குத்தான மழையில வந்துகிறே. அவனுக்கு வயித்தெரிச்சல் கீது, இல்லன்னு சொல்லல. ஆனா தங்கச்சின்னு நெசமாத்தான் போட்டான், பைத்தியக்காரன். இந்தா, உள்ள வா, பாரு." உள்ளே சுவரில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருந்தது. "எம் மூத்த மருமவ. வந்தவாசி ஆஸ்பத்திரில நர்சு. அவ பேப்பர்ல இன்னா போட்டுகிதுன்னு நெனக்கிறே? உம் பொண்ணு பேப்பர்ல கீறதுதான். ஒருத்திய இழுத்தா வரிசையா எல்லாரும் வருவோம். நம்ம சபையில பேப்பர் ஒழுங்கா கீற வூடு எது, சொல்லு பாப்போம்."

பரிமளா சுவரில் சாய்ந்தாள்.

"அதனாலதான் கேக்குறேன்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம நீ மைக்க புடிக்கப் போறியா?"

"பேர எடுத்துட்டாருண்ணா பாஸ்டரு."

"பேர எடுத்தாரு. உன் மனசுல எடுத்தியா?"

அவள் முந்தானையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டினாள்.

"அதான பாத்தேன். உன்ன எனக்குத் தெரியும். எம் மருமவ வேலைக்குப் போனதும் கோயிலுக்கு வர்றத வுட்டா. பேஜாரு மாமான்னா. இப்ப நெத்தியில பொட்டு வச்சிகினு போறா. புள்ளைக்குப் பல்லு மொளச்சிட்ச்சி, இன்னும் ஞானஸ்நானம் குடுக்கல. வேல வந்த வூட்ல எல்லாம் இதுதான் நடக்குது. உம் பொண்ணும் நின்னுடுவா, பாத்துக்க." அப்புறம் உள்ளே பார்த்து, "டேய் ராஜ்குமாரு! ஜல்தி வாடா. அந்தப் படத்த எடு. எடுத்துட்டு அக்காவுக்குக் காட்டு" என்று கத்தினார்.

*

பண்டிகை அன்று காலையில் நிலா வரவில்லை. தலைவலி என்றாள். பரிமளா கட்டாயப்படுத்தவில்லை.

ஆலயத்துக்குள் பூசணி, வாழைத்தார், கரும்பு, கோழி, புது அரிசி மூட்டை, சின்னத் தட்டில் எலுமிச்சம்பழம் எல்லாம் பீடத்தைச் சுற்றிக் கிடந்தன. கால் கட்டிய சேவல் ஒன்று பிரசங்கம் முழுக்கக் குறுக்கே பேசியது. வெளியே பந்தலில் சமையலுக்கான அரிசி மூட்டைகளை அடுக்கி, அண்டா ஏற்றியிருந்தார்கள்; வெங்காயம் வதங்கும் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. குமரேசன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தான். ஏலத்துக்காக வந்தவன், பெண்டாட்டியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாஸ்டர் பிரசங்கத்தை முடித்தார். காணிக்கைகளுக்காக ஜெபம் செய்தார். சாட்சி என்ற பேச்சையே எடுக்காமல், "இப்போ ஆசீர்வாதம்" என்று கையை உயர்த்தப் போனார்.

முன் பெஞ்சிலிருந்து செல்லியம்மாள் எழுந்தாள். சபையிலேயே மூத்தவள், காது மந்தம், அதனால் எதையும் கத்தித்தான் சொல்லுவாள். "அய்யா! பரிமளா சாட்சி வுட்டுப்போச்சே! போன வாரம் சொன்னீங்களே!"

சேவல்கூட வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. பாஸ்டர் தாளைப் பார்த்தார், அதில் பெயர் இல்லை. பரிமளாவைப் பார்த்தார்.

"சிஸ்டர் விரும்பினா வரலாம்" என்றார். "விரும்பலைன்னா பரவாயில்லை."

உட்கார்ந்திருந்தால் போதும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கூப்பிட்டது செல்லியம்மாள் என்று பரிமளாவால் நினைக்க முடியவில்லை. கேட்டவர் வேறு யாரோ என்றுதான் அவளுக்குப் பட்டது. கேட்டபோது கொடுத்தாரே, அவர் கேட்கும்போது இல்லையென்று எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்தாள். பின்னால் குமரேசன் இருமினான். வேண்டாம் என்கிற இருமல், அவளுக்குத் தெரியும். நடந்தாள்.

மைக் குளிர்ந்திருந்தது. எதிரே கம்பியில் போன் சிவப்புப் புள்ளியோடு அவளைப் பார்த்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை, மெதுவாக.

சொல்ல வேண்டியது அவளிடம் தயாராக இருந்தது. எத்தனையோ வீட்டுத் தறிகளில் குனிந்து உட்கார்ந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்தது. தொடக்கம் முதல் முடிவு வரை அப்படியே வரும்.

"எம் பொண்ணு…" என்றாள்.

பெஞ்சுகளில் எத்தனை பேர் தரையைப் பார்த்தார்கள் என்பது மேலேயிருந்து நன்றாகத் தெரிந்தது. ஸ்கூல் வாத்தியார் ஒருவர், மின்சார ஆபீஸ்காரர் ஒருவர், பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண். எல்லோருமே அவள் வாயைப் பார்க்கப் பயந்தார்கள்.

"எம் பொண்ணு…" என்றாள் மறுபடியும்.

"மழ எறங்குது!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் இடித்தது. மணவாளன். ஏலம் போடுகிற தொண்டை. "பந்தல்ல அரிசி மூட்ட நனையுது, அடுப்பு அணையுது! எழுந்து வாங்கய்யா, ஜெபத்த அப்புறம் முடிச்சிக்கலாம், ஏலத்த ஆரம்பிக்கலாம்! வாழத்தார எவன் தூக்குறான்?"

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. இதற்காகவே காத்திருந்த மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஆள் ஆளுக்குப் பூசணியையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு முண்டினார்கள். செல்லியம்மாள் மட்டும், "இன்னா சொன்னா? இன்னா சொன்னா அவ?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்டர் வந்து பரிமளாவின் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கி நிறுத்தினார்.

வெளியே நாலு சொட்டுத்தான் விழுந்திருந்தது. பந்தலுக்கு அடியில் மூட்டைகள் காய்ந்தே கிடந்தன. "எலுமிச்சம்பழம் ஒரு தரம்!" என்று மணவாளன் ஆரம்பித்துவிட்டார். பரிமளா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தன்னைக் காப்பாற்றினாரா, தன் வாயை அடைத்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது நிலா மெட்ராஸ் போகக் கட்ட வேண்டிய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலைவலி ஒன்றும் தெரியவில்லை.

"சொன்னியா?"

"மைக் வரைக்கும் போனேன்."

"அம்மா!"

"சொல்லலடி. வாய் வரல. அதுக்குள்ள மணவாளண்ண கூச்சல் போட்டுட்டாரு."

நிலா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூச்சு விட்டாள். குமரேசன் ஏலத்தில் எடுத்த வாழைத்தாரைத் தறிக்குப் பக்கத்தில் சாத்தினான். சாப்பாட்டைப் பந்தலில் வாங்கித் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார்கள். பரிமளா தட்டுகளை வைத்தாள்.

"வேல கையில வந்துட்டா சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா."

"ரெண்டு வருசம் கழிச்சி, பர்மனன்டு பண்ணிட்டா?"

"அப்பவும்தான். எவனாச்சும் மனு போட்டா எப்ப வேணா தோண்டுவாங்க."

"அப்ப எப்பதான்?"

நிலா யோசித்தாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. "நான் ரிட்டையர் ஆன பொறவு."

"அதுக்குள்ள உங்கம்மா நேர்லயே போயி அவரு கிட்ட சொல்லிட்டிருப்பா" என்றான் குமரேசன். சிரித்தவன், மற்ற இருவரின் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அம்மா, இனிமே கொஞ்ச நாளு நான் கோயிலுக்கு வரல" என்றாள் நிலா. "கோவிச்சிக்காத. வூட்ல ஜெபம் பண்றேன்."

"செரி."

"நெசமாத்தான் பண்ணுவேன்."

"செரின்னு சொன்னேனே. துன்னு."

சாப்பாட்டுக்கு முன்னால் எப்போதும் பரிமளா சத்தமாக ஜெபிப்பாள், எதிர்வீடு வரை கேட்கும். அன்று எழுந்து போய்த் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். கொக்கி துருப்பிடித்து விழவில்லை. கையால் அழுத்திப் பிடித்தபடியே நின்று, மெல்லிய குரலில் சோற்றுக்காக நன்றி சொன்னாள். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை இப்படிச் சொல்லித் தீர்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

சபை முன்னால் சொல்கிறேன் என்று வாங்கிய நன்மைக்கு அவள் கர்த்தருக்கு ஒரு சாட்சி பாக்கி.